குடும்பக் குழு: நாளைக்குப் புதன்கிழமை

செல்வி: கலா அத்தை, பாப்பாவின் 10வது வார ஊசி சளியாலும் ஊர்த் திருவிழாவாலும் தள்ளிப்போய்விட்டது. இப்போது 13 வாரம். மறுபடி முதலிலிருந்து போடச் சொல்வார்களா?

கலா அத்தை: வேண்டாம் கண்ணு. 6வது வாரத்தில் போட்டது வீணாகாது, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நாளைக்குப் புதன், ஊசி போடும் நாள்தானே, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போ.

பெரியம்மா: இன்னும் மூக்கு ஒழுகுகிறதே. சளி போகட்டும், அடுத்த வாரம் பார்க்கலாம்.

கலா அத்தை: அண்ணி, கைக்குழந்தைக்குச் சளி எப்போது முழுசாக விட்டிருக்கிறது! லேசான சளிக்கெல்லாம் ஊசியை நிறுத்த வேண்டாம். காய்ச்சல் அடித்து, பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால்தான் முதலில் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

செல்வி: நன்றாகக் குடிக்கிறாள். போன தடவை இரண்டு தொடையிலும் குத்தி, கையிலும் குத்தி, ராத்திரி முழுக்க அழுகை. அதுதான் பயம்.

கலா அத்தை: இந்தத் தடவை ஒரே குத்துதான், ஐந்து நோய்களைத் தடுக்கும் பெண்டா, இடது தொடையில். போலியோவும், வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டாவும் வாயில் விடுவது. அதற்கடுத்த தடவைதான் மறுபடி மூன்று குத்து.

ரமேஷ்: ஊசி போட்ட இடத்தில் சூடாக ஒத்தடம் கொடுத்தால் வீங்காதாம். இப்போதுதான் ஒரு ஃபார்வர்டு வந்தது.

கலா அத்தை: அதை டெலீட் பண்ணு. ஒத்தடம், தைலம், மஞ்சள் எதுவும் வேண்டாம், தேய்க்கவும் கூடாது. வீங்கினால் ஈரத்துணி போதும். காய்ச்சல் மருந்து எவ்வளவு என்று நர்ஸிடமே கேட்டுக்கொள் செல்வி, அது எடையைப் பொறுத்தது.

செல்வி: சரி அத்தை. அட்டையில் 14வது வாரத் தேதி எழுதியிருக்கிறதே, அன்றைக்கே போகலாமா?

கலா அத்தை: கூடாது. இரண்டு தவணைக்கும் நடுவில் 4 வாரமாவது இடைவெளி வேண்டும். புதுத் தேதி எழுதித் தருவார்கள்.

ரமேஷ்: நல்லவேளை, எங்கள் வீட்டில் ஒன்றரை வயதிலேயே எல்லாம் முடிந்தது.

கலா அத்தை: யார் சொன்னது? 5 வயதில் டிபிடி பூஸ்டர், அதாவது தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி மூன்றுக்குமான ஊசி; அப்புறம் 10லும் 16லும் டிடி (Td), அது ரணஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும். நிறைய பேர் கோட்டைவிடுவது இந்த 5 வயது ஊசியைத்தான். உன் பையனுக்கு 6 நடக்கிறதே, அட்டையைப் படம் எடுத்துப் போடு.

ரமேஷ்: [படம்]

கலா அத்தை: 5 வயதுக் கட்டத்தைப் பார், காலி. 7 வயதுக்குள் போட்டுவிட வேண்டும்.

ரமேஷ்: நாளைக்கு எனக்கு ஷிஃப்ட். அம்மா?

பெரியம்மா: ஸ்கூலில் லீவு சொல்லிவிடு, இரண்டு பேரையும் நானே கூட்டிப் போகிறேன். செல்வி, 9 மணிக்குக் கிளம்பியிரு.

கலா அத்தை: இரண்டு அட்டையையும் மறக்காதீர்கள் அண்ணி. ஊசி போட்டதும் ஓடி வராமல் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள்.