63-ஆம் இடமும் கப்பலூர்ப் பட்டறையும்

கப்பலூர்ப் பட்டறை:
உலக வங்கி போட்டுவந்த 'தொழில் நடத்த எளிது' பட்டியல் நினைவிருக்கிறதா? 2014-ல் வந்த அறிக்கையில் இந்தியா 142-ஆம் இடம், 2019-ல் வந்ததில் 63. அந்த ஐந்து வருஷமும் மதுரை கப்பலூரில் லேத் ஓட்டிக்கொண்டுதான் இருந்தேன். 79 படி ஏறியதாக என் முழங்காலுக்குத் தெரியவில்லை. அவர்கள் இந்தியா என்று பார்த்தது டெல்லியையும் மும்பையையும்தான். வளரும் நாட்டில் தொழில் எப்படி நடக்கிறது என்பதைத் தொழில் செய்பவனிடம் அல்லவா கேட்க வேண்டும்?

அண்ணாநகர் லாகோஸ்:
செத்த பாம்பை அடிக்கிறீர்கள் அண்ணே. தரவில் குளறுபடி தெரிந்து 2021-லேயே அந்தப் பட்டியலை நிறுத்திவிட்டார்கள். சரி, முதலாளியைக் கேட்டால் மட்டும் உண்மை வந்துவிடுமா? நைஜீரியாவில், லாகோஸில் ஆறு வருஷம் பிளாஸ்டிக் கம்பெனியில் இருந்தேன். கரண்ட் போவதைப் பற்றி அங்கே எங்கள் முதலாளி புலம்பி நான் கேட்டதில்லை. ஜெனரேட்டர் டீசல் வாடகை மாதிரி கணக்கில் ஏறிவிடும். இங்கே 2012-ல் பாதி நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தவர்கள், இன்று அரை மணி போனால் போனைத் தூக்குகிறார்கள். கடன் கிடைக்கவில்லை என்ற குறையும் கடன் கேட்டுப் போனவன் வாயில்தான் வரும்.

அப்பளக்காரி:
முதலாளியைக் கேட்டால் என்கிறீர்களே, எந்த முதலாளியை? உலக வங்கியின் இன்னொரு கணக்கெடுப்பு முதலாளிகளை நேரில் கேட்பதுதான். ஆனால் பதிவு பெற்று, குறைந்தது ஐந்து பேர் வேலை செய்கிற இடமாக இருக்க வேண்டும். ஜெய்ஹிந்துபுரத்தில் என்னிடம் நாலு பேர். அப்பளத்துக்கு ஜிஎஸ்டி இல்லை என்று வாழ்த்துகிறார்கள். அப்பளம் போடுகிற கவருக்குக் கட்டுகிற வரி எனக்குத் திரும்பி வராது என்பதை எந்தப் படிவத்தில் எழுதுவது?

கப்பலூர்ப் பட்டறை:
அக்கா சொன்னது சரி. தம்பி, என் குறை கரண்டும் இல்லை, கடனும் இல்லை. பாக்கி. சிறு தொழிலுக்கு ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும் என்று 2006-லேயே சட்டம் இருக்கிறது. அப்படித் தராத பாக்கியை அந்த வருஷச் செலவில் கழிக்க முடியாது என்று வருமான வரியிலும் 2024 ஏப்ரல் முதல் கொண்டுவந்தார்கள். அதன் பிறகு, எனக்கு வேலை தருகிற ஒரு பார்ட்டி என்னிடம் கேட்டது என்ன தெரியுமா? "உத்யம் பதிவை ரத்து செய்துவிட்டு வாருங்கள், ஆர்டர் தருகிறோம்." சிறு தொழில் என்று அரசிடம் செய்த பதிவு அது. அதை விட்டால் இந்தச் சட்டம் எனக்கு இல்லை.

அண்ணாநகர் லாகோஸ்:
பாக்கி தராதவர்கள் மேல் அரசின் இணையதளத்தில் புகார் போடலாமே? ரிசர்வ் வங்கி அறிவிக்கிற வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் கூட்டு வட்டி கேட்கலாம்.

கப்பலூர்ப் பட்டறை:
வட்டி வரும், அடுத்த ஆர்டர் வராது.

அண்ணாநகர் லாகோஸ்:
தப்பாக நினைக்காதீர்கள். உங்கள் வேலையில் அந்த ஒரு பார்ட்டி எவ்வளவு?

கப்பலூர்ப் பட்டறை:
முக்கால்வாசி.

அண்ணாநகர் லாகோஸ்:
அப்புறம் இதை எப்படி நாட்டின் தொழில் சூழல் என்கிறீர்கள்? ஒரே கிளையில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

அப்பளக்காரி:
அவர் ஆசைப்பட்டா உட்கார்ந்தார்? இன்னொரு பார்ட்டி பிடிக்க மூன்று மாதக் கைக்காசு வேண்டும். அந்தக் காசுதான் பாக்கியில் நிற்கிறது. தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டு அங்கேயே வந்துவிட்டீர்கள் தம்பி.

கப்பலூர்ப் பட்டறை:
முக்கால்வாசி என் தப்பும்தான், மறுக்கவில்லை. ஆறடி லேத் இரண்டு, மில்லிங் ஒன்று இருக்கிறது. 30 நாளில் பணம் தருகிற பார்ட்டி யாருக்காவது தெரிந்தால் தனிச்செய்தியில் சொல்லுங்கள்.