தண்ணீர் வடிந்த பிறகு இடும் உரத்துக்கு ஒரு பெயர்

குழுவினருக்கு வணக்கம்.

நீர் தேங்கி நலிந்த பயிரை மீட்க இடும் தழைச்சத்துக்கு (நைட்ரஜன் உரத்துக்கு), உழவர்களுக்கான துண்டறிக்கையில் எழுத ஒரு சொல் கேட்டிருந்தேன். 'வெள்ள உரம்', 'தேங்குநீர் உரம்', 'மீட்புத் தழையுரம்' என மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. அவற்றை எடுத்துக்கொள்ளுமுன், எதற்குப் பெயர் தேடுகிறோம் என்பதைக் கண்ணால் கண்டபடி சொல்லிவிடுகிறேன்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் உள்நாட்டுக்குள் வந்தபோது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது. அங்கிருந்து சற்றுத் தள்ளித்தான் என் மாமாவின் மக்காச்சோளம். முழங்கால் உயரப் பயிர். பயிர் நிற்கும் மண்மேடுகளான பார்கள் தெரியாமல் மூன்று நாள் தண்ணீர் நின்றது. நான்காம் நாள் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தோம். வேர் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. ஆனால் தண்டின் அடிக்கணுவில், மண்ணை ஒட்டினாற்போல, வெள்ளை வெளேரென்று நாலைந்து புது வேர்கள் எட்டிப் பார்த்தன. அடியிலைகள் நுனியில் தொடங்கி நடுநரம்பு வழியாக மஞ்சளித்திருந்தன; குருத்து மட்டும் பச்சை. மாமா கேட்டது ஒன்றுதான்: இது தேறுமா?

மண் துளைகளில் காற்று இருந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்கிறது. ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவும். ஓரிரு நாளில் வேரடியில் அது தீர்ந்துவிடும். பிறகு மண்ணில் உள்ள பாக்டீரியாக்கள், தழைச்சத்தின் ஒரு வடிவமான நைட்ரேட்டைக் கொண்டு சுவாசிக்கத் தொடங்குகின்றன. நைட்ரஜன் வாயுவாகிப் பறக்கிறது. எஞ்சிய நைட்ரேட்டும் நீரோடு கீழே இறங்கிவிடுகிறது. மண்ணில் சத்தும் இல்லை, இருப்பதை உறிஞ்ச வேருக்கு வலுவும் இல்லை. செடி தன் அடியிலையிலிருந்து தழைச்சத்தை உருவிக் குருத்துக்கு அனுப்புகிறது. அந்த மஞ்சள் அதனால் வந்தது.

ஆகவே, இந்த உரம் தண்ணீர் நிற்கும்போது இடுவதன்று. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. மாமா இரண்டாம் நாளே அரை மூட்டை யூரியாவைத் தேங்கிய நீரில் வீசியிருந்தார். 45 கிலோ மூட்டையில் ஏறத்தாழ 21 கிலோ தழைச்சத்து. அதில் பாதியை வயலில் கொட்டி, வடித்த தண்ணீரோடு பெரும்பகுதியை ஓடைக்கு அனுப்பினோம். முதலில் வடிகால் வெட்ட வேண்டும். வடிந்ததும் 10 லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் யூரியா கலந்து காலையிலோ மாலையிலோ இலைமேல் தெளிக்கலாம், ஏனென்றால் வேர் முடங்கிக் கிடக்கும்போது இலை உறிஞ்சும். புது வேர் மண்ணைப் பிடித்த பிறகு மண்ணில் கொஞ்சம் இடலாம். வேரே செத்த செடிக்கு எதுவும் உதவாது.

இனிப் பெயர். 'வெள்ள உரம்' என்பதைக் கேட்டால், வெள்ளம் கொண்டுவந்து போட்ட வண்டல்தான் நினைவுக்கு வருகிறது. 'தேங்குநீர் உரம்' எனக்கு அச்சம் தருகிறது. தேங்கிய நீரிலேயே இடு என்று அந்தப் பெயரே சொல்கிறது. நெல்லுக்குத் தண்ணீர் நிற்பது குறையன்று, அதன் தண்டுக்குள் வேர்வரை காற்று இறங்க வழி இருக்கிறது. மக்காச்சோளமும் தக்காளியும் அப்படியல்ல. 'மீட்புத் தழையுரம்' பொருளில் நெருங்கி வருகிறது. ஆனால் தழையுரம் என்றால் எங்கள் பக்கத்தில் கொழுஞ்சி, எருக்கு, புங்கந்தழை. தழைச்சத்து வேறு, தழையுரம் வேறு.

விதைக்குமுன் இடுவதற்கு அடியுரம், வளரும் பயிருக்கு இடுவதற்கு மேலுரம் என்று இரண்டு நல்ல சொற்கள் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கின்றன. அந்த வரிசையில் 'மீட்புரம்' என்று வைக்கலாமா?

— ஊத்தங்கரையிலிருந்து

*

தம்பி,

மீட்பு + உரம் மீட்புரம்தான், புணர்ச்சியில் குறை இல்லை. ஆனால் துண்டறிக்கையில் தனித்து நிற்கும்போது விழுப்புரம் போல ஊர்ப் பெயராகத்தான் படிக்கத் தோன்றுகிறது. வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். 'மீளுரம்' பொருந்துமா?

— தருமபுரியிலிருந்து

*

அக்கா,

வாய்விட்டுப் படித்தேன். நீங்கள் சொல்வது சரி, மீட்புரத்தை விட்டுவிடுகிறேன். ஆனால் மீளுரத்தைத் தொலைபேசியில் சொன்னால் மேலுரம் என்றே காதில் விழும். உரக்கடையில் அது பெரிய குழப்பம்.

மாமா கேட்ட கேள்வியிலேயே சொல் இருக்கிறது என்று இப்போதுதான் உறைத்தது. பயிர் மீளுமா என்று எந்த உழவரும் கேட்பதில்லை; தேறுமா என்றுதான் கேட்கிறார்கள். காய்ச்சலில் கிடந்த பிள்ளையைப் பற்றியும் அதே சொல்தான். தேற வைப்பது தேற்று. தேற்று + உரம் = தேற்றுரம். கலங்கிய தண்ணீரைத் தெளிய வைக்கும் தேற்றான் கொட்டையும் இந்தக் குடும்பம்தான். கணக்குப் பாடத்தின் தேற்றம் குறுக்கே வரும் என்று யாராவது சொல்லலாம். வயல் வரப்பில் அந்தக் குழப்பம் வராது.

துண்டறிக்கைக்கு இப்படி எழுதிப் பார்த்தேன்: "வயலில் தண்ணீர் நிற்கும்வரை யூரியா வேண்டாம். வடித்துவிட்டு, கால் புதையாத பதம் வந்ததும் தேற்றுரம் தெளிக்கவும்."

இலைமேல் தெளிப்பதற்கு மட்டும் இந்தப் பெயரா, பிறகு மண்ணில் இடுவதற்கும் சேர்த்தா என்பதுதான் பாக்கி. இரண்டுக்கும் ஒரே பெயர் போதும் என்று எனக்குப் படுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?