அம்மம்மாவின் நினைவு மலரில் காணாமல்போன மாமாவின் பெயரை எப்படிப் போடுவது?

இரணைமாதாநகர் பேத்தி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் அம்மம்மா போன மாதம் காலமானார். 31ஆம் நாள் திருப்பலிக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு சின்ன நினைவு மலர் அடிக்கிறோம், எழுதுகிற வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. அச்சகத்தில் மாதிரிக்கு ஐந்தாறு மலர்கள் தந்தார்கள். எல்லாவற்றிலும் "பாசத்தின் சிகரம், பண்பின் இருப்பிடம்" என்றுதான் இருக்கிறது, பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும். அம்மம்மாவைப் பற்றி அப்படி எழுத மனம் வரவில்லை.

அவர் இரணைதீவில் பிறந்தவர். 1992இல் தீவுச் சனம் முழுவதும் எழும்பி இக்கரைக்கு வந்தபோது கைக்குழந்தையோடு வள்ளத்தில் வந்தவர். தாத்தா அதற்கு முன்னமே கடலோடு போய்விட்டார். கருவாடு போட்டு விற்றுத்தான் பிள்ளைகளை வளர்த்தார், ஆனால் எந்த நாளும் முதல் வேலை கோயில்தான். பீடத் துணிகள் தோய்ப்பது அவர் பொறுப்பு. இரசப் பாத்திரம் துடைக்கிற துணியை முதல்தரம் அலசின தண்ணீரை வாய்க்காலில் ஊற்ற விடமாட்டார், நற்கருணைத் துணிக்கை ஏதும் அதில் இருக்கலாம் என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பூங்கன்று அடியில் ஊற்றுவார். நாங்கள் சின்னப்பிள்ளைகள் அந்தக் கன்றில் பூப் பிடுங்கினாலும் ஏச்சுத்தான்.

2008 ஏப்ரலில் மடு மாதாவின் சுரூபத்தைச் சண்டைக்குள்ளால் தேவன்பிட்டிக்குக் கொண்டுவந்தார்கள் என்று கேள்விப்பட்டதும் எங்களையும் இழுத்துக்கொண்டு போனார். "1670இல மாந்தையிலயிருந்து காட்டுக்குள்ள ஓடிவந்த மாதா, இப்ப திரும்பவும் ஓடுறா, எங்களை மாதிரித்தான்" என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். கொஞ்ச நாளில் நாங்களும் ஓடத் தொடங்கினோம். தருமபுரம், விசுவமடு, மாத்தளன், வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால். எங்கேயோ செபமாலை தவறிப்போக, பங்கருக்குள் விரலை மடக்கி மடக்கி அருள்நிறை மந்திரம் எண்ணினார்.

இனித்தான் என் கேள்வி. 2009 மே மாதம் வட்டுவாகல் பாலம் கடந்து ஆமிக்காரர் பக்கம் வந்த பிறகு கடைசி மாமாவைக் காணவில்லை. அன்றிலிருந்து சாகும்வரை அம்மம்மா அவரைச் செத்தவர் கணக்கில் சேர்க்கவில்லை. இறந்தோர் நினைவு நாளான நவம்பர் 2ஆம் திகதி சேமக்காலையில் வாசிக்கிற பெயர்ப் பட்டியலில் தாத்தாவின் பெயர் இருக்கும், மாமாவின் பெயர் இருக்காது. மாமா பிறந்த நாளுக்குத் தனியாகப் பூசைக்குக் காசு கட்டி "மகனுடைய சுகபலத்துக்காக" என்றுதான் வாசிக்கச் சொல்லுவார். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் காணாமல்போனவர்களின் தாய்மார் போராட்டம் தொடங்கியபோது அங்கேயும் போய் மாமாவின் படத்தோடு இருந்தார், மேயில் எங்கள் ஊரில் தீவுக்குத் திரும்புகிற போராட்டம் தொடங்க இங்கேயும் இருந்தார்.

இப்போது வெளிநாட்டிலிருக்கும் பெரிய மாமா, மலரில் "காலஞ்சென்ற" என்று தம்பியின் பெயரைப் போடச் சொல்கிறார். அம்மாவும் சித்தியும் மாட்டோம் என்று நிற்கிறார்கள். இப்படி ஒரு நிலைமையில் மலர் அடித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். வேறு என்ன சேர்க்கலாம் என்றும் சொல்லுங்கள்.

---

நாச்சிக்குடாவான் பதில்:

தங்கச்சி, உங்கள் அம்மம்மாவை எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். தலையில் பெட்டியோடு எங்கள் ஒழுங்கைக்குக் கருவாடு கொண்டுவருகிறவர் என்றால் அவரேதான். நாங்கள் சைவ சமயம். வெள்ளிக்கிழமை மச்சம் காய்ச்சமாட்டோம் என்று தெரிந்து வியாழனே வந்துவிடுவார், அவரும் வெள்ளியில் மச்சம் தொடாதவர் என்பதால் அம்மாவுக்கும் அவருக்கும் அதில் ஒரு ஒற்றுமை. சண்டை முடிந்து மெனிக் பாம் முகாமில் இருந்தபோது எங்களுக்குப் பக்கத்துக் கூடாரம். தண்ணீர் வரிசையில் என் தங்கச்சி மயங்கி விழுந்தபோது தன் வாளியை அப்படியே தந்துவிட்டு மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்றார். அந்த வரிசை எவ்வளவு நீளம் என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். இதை மலரில் போடுங்கள், என் பெயர் வேண்டாம்.

மாமாவின் விசயத்தில் எனக்கு ஒரே அபிப்பிராயம்தான். பெத்த தாய் எழுதாத சொல்லை அவருடைய மலரில் மற்றவர்கள் எழுதக்கூடாது.

---

பங்குப்பிள்ளை பதில்:

எங்கள் பங்கிலும் இப்படி வந்தது. நாங்கள் செய்தது இதுதான்: "அன்பு மக்கள்" என்று போடுகிற இடத்தில் பிள்ளைகளின் பெயர்களைப் பிறந்த ஒழுங்கில் போட்டோம், காணாமல்போனவரும் தன் இடத்தில். "காலஞ்சென்ற" என்பது இறந்தது நிச்சயமான பிள்ளைக்கு மட்டும். அவருக்கென்று அடைப்புக்குறியும் இல்லை, விளக்கமும் இல்லை. வாசிக்கிற ஊர்ச் சனத்துக்கு எல்லாம் தெரியும்தானே. திருப்பலிக் கருத்தை எழுதிக் கொடுக்கும்போதும் சுவாமியிடம் நேரில் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் இறந்தோர் மன்றாட்டில் குடும்பத்துப் பெயர்களை எல்லாம் சேர்த்து வாசித்துவிடுவார்கள்.

இறப்புச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி யாராவது பெரிய மாமாவின் மனதை மாற்றியிருக்கிறார்களா என்று தெரியவில்லை. அப்படியென்றால், காணாமல்போனவருக்கு இறப்புச் சான்றிதழ் எடுக்காமல், அவர் காணாமல்போனவர் என்றே பதிகிற சான்றிதழ் எடுக்க 2016இலிருந்து சட்டத்தில் இடமிருக்கிறது. காணி, வங்கி அலுவல்களுக்காக அவரைச் செத்தவராக்கத் தேவையில்லை.

மற்றது, உங்கள் அம்மம்மா வயதுக்காரருக்கு, இயேசுவின் பாடுகளைச் சொல்லுகிற வியாகுலப் பிரசங்கம் பாதியாவது மனப்பாடமாக இருக்கும். தவக்காலத்தில் யார் வீட்டிலாவது கூடி அவர் இராகம் இழுத்து வாசித்ததை யாராவது போனில் பிடித்து வைத்திருந்தால் தேடி எடுங்கள். 1700களில் கொன்சால்வெஸ் சுவாமி எழுதியது அது, அச்சுப் புத்தகம் கிடைக்கும், ஆனால் இரணைதீவுப் பக்கத்து இழுவை புத்தகத்தில் இல்லை. மலரில் இரண்டு வரி போட்டு, அவர் குரலையும் பேரப்பிள்ளைகளுக்கு அனுப்பிவையுங்கள். ஞானஸ்நானப் பதிவையும் கேட்டுப் பாருங்கள், திருமணம் செய்த விபரமும் அதே பதிவின் ஓரத்தில் குறித்திருப்பார்கள், திகதிகளுக்கு அது உதவும்.

---

குளிர்தேசத்தான் பதில்:

பெரிய மாமாவுக்காகவும் ஒருவர் பேசவேண்டும். எனக்கும் தம்பி இல்லை, அதே மே மாதம்தான். நாங்கள் ஊரில் இல்லை, தேடவும் முடியவில்லை, போராட்டத்தில் போய் இருக்கவும் முடியவில்லை. இங்கே இருந்து செய்யக்கூடியதாக எனக்குத் தெரிந்தது ஒரு பூசைதான். தம்பி உயிரோடு இல்லையென்றால் அவனுடைய ஆத்துமாவுக்காக இத்தனை வருடமாக ஒருவரும் மன்றாடவில்லையே என்ற நினைப்பு இரவில் நித்திரை கொள்ள விடாது. உங்கள் மாமா கல்நெஞ்சில் இதைச் சொல்லவில்லை, நான் அவரைப் போல ஆள் என்பதால் சொல்கிறேன். அவரோடு சண்டை பிடிக்காமல் ஒரு தடவை ஆறுதலாகக் கதையுங்கள். மலரில் அம்மாவின் விருப்பமே இருக்கட்டும். அவர் தன் ஊர்க் கோயிலில் தனியே பூசை ஒப்புக்கொடுக்க விரும்பினால் அதை யாரும் தடுக்கவும் வேண்டாம், குறை சொல்லவும் வேண்டாம்.

---

இரணைமாதாநகர் பேத்தி பதில்:

எல்லாருக்கும் நன்றி. குளிர்தேசத்தான் அண்ணா, உங்கள் பதிலை அப்படியே பெரிய மாமாவுக்கு அனுப்பினேன். நேற்று இரவு எடுத்துக் கதைத்தார், கன நேரம் அழுதார். மலரில் பெயரைப் பிறந்த ஒழுங்கில் போடச் சம்மதம் என்றார். தான் அங்கே ஒரு பூசை ஒப்புக்கொடுக்கப்போவதாகவும் அதை அம்மாவிடமும் சித்தியிடமும் நான்தான் சொல்லவேண்டும் என்றும் சொன்னார். சொல்லிவிட்டேன். அம்மா ஒன்றும் பேசவில்லை, சித்தி "சரி, அவனும் தம்பியெண்டுதானே செய்யிறான்" என்றார்.

நாச்சிக்குடா அண்ணா, வாளிக் கதை எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அம்மம்மா சொல்லவே இல்லை. அதுதான் மலரின் முதல் பக்கம்.

வியாகுலப் பிரசங்கம் பதிவு ஒன்று மச்சாளின் பழைய போனில் இருக்கிறதாம், திரை உடைந்த போன், முழங்காவிலில் ஒரு கடையில் திருத்தக் கொடுத்திருக்கிறோம். 2018 ஏப்ரல் 23 அன்று சனம் வள்ளங்களில் தீவுக்குப் போனபோது அம்மம்மாவும் போனார், செபமாலை மாதா கோயில் வாசலில் முழந்தாளில் இருக்கிற படம் ஒன்றும் கிடைத்திருக்கிறது, அதைப் பின் அட்டைக்குப் போடுகிறோம். வியாழக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்கவேண்டும். அதற்குள் எழுத்துப்பிழை பார்த்துத் தரக்கூடியவர்கள் யாராவது இருந்தால் உள்பெட்டிக்கு வாருங்கள்.