புக்கெட் சைவத் திருவிழா: பூண்டு வெங்காயம் தொடாத பெரியவர்களோடு போகலாமா?

செம்பருத்தி_கோவை கேட்டது:

ஒரு உணவுத் திருவிழாவுக்காகவே வெளிநாடு போகலாம் என்று வீட்டில் பேச்சு. 2026 அக்டோபரில்தான் லீவு கிடைக்கும். கூட வருவது மாமனார் (68), மாமியார் (63). இருவரும் முட்டை தொடமாட்டார்கள். வெங்காயம், பூண்டும் கிடையாது. பால், தயிர் உண்டு.

இணையத்தில் வரும் பட்டியல்கள் எங்களுக்கு உதவவில்லை. அக்டோபர்ஃபெஸ்ட் என்றால் பீரும் வாட்டிய கோழியும், அயர்லாந்தின் கால்வே என்றால் சிப்பி. இத்தாலி ஆல்பாவின் வெள்ளை ட்ரஃபிள் (மண்ணுக்கடியில் விளையும் காளான்) சைவம்தான், ஆனால் அதைச் சீவிப் போடுவது முட்டை மஞ்சள்கருவில் பிசைந்த நூடுல்ஸ் மேல். தேடியதில் தாய்லாந்து புக்கெட்டில் ஒன்பது நாள் சைவத் திருவிழா இருப்பது தெரிந்தது.

உண்மையிலேயே இவர்கள் சாப்பிடக்கூடியதா? எத்தனை நாள், எங்கே தங்குவது? கன்னத்தில் கம்பி குத்திக்கொண்டு போகிற படங்களையும் பார்த்தேன். மாமியாருக்கு ரத்தம் ஆகாது. அதைப் பார்க்காமல் சாப்பாட்டை மட்டும் பார்த்துவிட்டு வர முடியுமா?

---

கடல்காற்று பதில்:

தாராளமாகப் போகலாம். பூண்டு, வெங்காயம் இல்லாமல் சாப்பிடுகிறவர்கள் ஒவ்வொரு கடையிலும் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியிராத வெளிநாட்டுத் திருவிழா இது. அங்கே ஒன்பது நாளும் ஊரே அப்படித்தான் சாப்பிடும். ஒன்பது பேரரசர் தெய்வங்களுக்கான சீன நோன்பு இது. நோன்பிருப்பவர்களுக்காகக் கோயில்களைச் சுற்றி முளைக்கும் கடைகளைத்தான் நாம் உணவுத் தெரு என்கிறோம். (தகரச் சுரங்க ஊரான கத்துவில் 1825-இல் சீன நாடகக் குழுவொன்று காய்ச்சலில் விழுந்து, நோன்பிருந்து பிழைத்ததில் தொடங்கியது என்பது அங்கே சொல்லப்படும் கதை.) கடை திறக்கும் நேரம், கூட்டம், சத்தம் எல்லாம் கோயில் சடங்கையொட்டியே நடக்கும் என்பதை மனதில் வைத்துத் திட்டம் போடுங்கள்.

தேதி: சீன நாள்காட்டியின் ஒன்பதாம் மாதத்து முதல் ஒன்பது நாட்கள். 2026-இல் அக்டோபர் 10 முதல் 18 வரை. அமாவாசையை ஒட்டித் தொடங்குவதால் பல வருஷங்களில் நம் நவராத்திரியோடு சேர்ந்தே வரும், 2026-லும் அப்படித்தான். வீட்டில் கொலு வைக்கிற வழக்கம் இருந்தால் முதலில் அதைப் பேசி முடியுங்கள். போன வருஷத் தேதியைப் பார்த்து டிக்கெட் போடக் கூடாது. 2025-இல் சீன நாள்காட்டியில் ஆறாம் மாதம் இரண்டு முறை வந்ததால் தீபாவளிக்கு மறுநாள்தான் தொடங்கியது. 2027-இல் செப்டம்பர் 30-லேயே வந்துவிடும்.

எத்தனை நாள்: ஐந்து இரவு போதும். 9-ஆம் தேதி மதியத்துக்குள் போய்ச் சேருங்கள். அன்று மாலை கோயில்களில் ஒன்பது விளக்கு தொங்கவிடும் உயரமான கம்பத்தை நடுவார்கள், அதைப் பெரியவர்களும் நின்று பார்க்கலாம். 10, 11 சனி, ஞாயிறு. 13 தாய்லாந்தில் அரசு விடுமுறை. இந்த மூன்று நாளும் உள்ளூர்க் கூட்டம் இருக்கும், 12 திங்கள் கொஞ்சம் மூச்சு விடலாம். 14 காலை கிளம்பிவிட்டால் உங்கள் மாமியார் பயம் பெரும்பாலும் தீர்ந்தது. அலகு குத்திக்கொண்டு வரும் பெரிய ஊர்வலங்கள், அதாவது பாங் நியாவ், ஜுய் துய் போன்ற கோயில்களுடையவை, வழக்கமாக ஐந்தாம் நாளுக்குப் பிறகுதான். கோயில்வாரியான அட்டவணையைத் தாய்லாந்து சுற்றுலாத் துறை வெளியிடும், வந்ததும் ஒத்துப்பாருங்கள். ஊர்வலம் காலை ஏழு மணியளவில் கிளம்பும். ஒரு தெருவைத் தவிர்க்க வேண்டுமானால் முற்பகல் வரை அந்தப் பக்கம் போகாமல் இருந்தாலே போதும்.

தங்குமிடம்: புக்கெட் டவுனில் எடுங்கள். படோங் கடற்கரையில் எடுத்துவிட்டுத் தினமும் வந்து போகலாம் என்று நினைக்காதீர்கள். சுமார் 15 கிலோமீட்டர்தான், ஆனால் நடுவில் மலைப்பாதை, காலையில் ஊர்வலத்துக்காகச் சாலைகளை அடைத்துவிட்டால் டாக்ஸி நகராது. விமான நிலையமோ டவுனுக்கு வடக்கே 30 கிலோமீட்டருக்கு மேல். ரனோங் சாலையில் ஜுய் துய் கோயிலைச் சுற்றித்தான் கடைகள் அதிகம், அங்கிருந்து பத்து நிமிட நடையில் அறை இருந்தால் நல்லது. சாலையைப் பார்த்த பால்கனி அறை வேண்டாம். ஊர்வலம் அந்தத் தெருவில் வருகிற நாளில் பட்டாசுப் புகை முழுக்க உள்ளே வந்துவிடும்.

தாய்லாந்துக்கு இப்போது வெளிநாட்டவர் எல்லோரும் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும், இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள். இலவசம். காசு கேட்கிற தளம் எதுவும் அரசுத் தளம் அல்ல.

---

பெருங்காயம் பதில்:

சாப்பாட்டு விஷயத்தை நான் சொல்றேன், ஏன்னா ஏமாறுறது இங்கதான்.

மஞ்சள் கொடியில சிவப்பு எழுத்து, பார்க்க 17-னு எழுதின மாதிரி இருக்கும். அதுதான் "ஜே". அந்தக் கொடி இருந்தா கறி, மீன், முட்டை, பால், தேன் எதுவும் இல்லை. வெங்காயம், சின்ன வெங்காயம், பூண்டு, பூண்டுத்தழை மாதிரியான கார வாசனைச் சமாச்சாரமும் இல்லை. மீன் சாஸுக்குப் பதில் சோயா சாஸ், சிப்பி சாஸுக்குப் பதில் காளான் சாஸ். சாதாரண தாய் சிவப்புக் குழம்பு விழுதுல கருவாட்டு வாடையோட இறால் விழுது, சின்ன வெங்காயம், பூண்டு மூணும் இருக்கும். ஜே விழுதுல மூணையும் எடுத்துட்டு பேரரத்தை, எலுமிச்சைப்புல், நாரத்தை மாதிரி மணக்கிற இலை, மிளகாய் வெச்சே ஒப்பேத்துவாங்க. தேங்காய்ப்பால் உண்டு, அதனால நம்ம நாக்குக்கு அந்நியமா தெரியாது.

"மங்சவிரட்"னு எழுதியிருக்கிற கடை வேற. அதுவும் சைவம்தான், ஆனா முட்டையும் பாலும் பூண்டும் இருக்கலாம். பெரியவங்களுக்கு ஜே மட்டும் பாருங்க.

அதுலயும் தரம் இருக்கு. கோயில் வளாகத்துக்குள்ள இருக்கிற சமையற்கூடம்தான் கண்டிப்பு. அடுத்தது ரனோங் சாலையில விழாவுக்காகவே போட்ட கடைகள். மத்த நாள்ல பன்றி வறுக்கிற கடை இந்த ஒன்பது நாளுக்கு மட்டும் கொடி மாட்டிக்கிட்டா, பழைய எண்ணெய்ச் சட்டியா புதுசான்னு வெளியில இருந்து தெரியாது. ஹோட்டல் காலை பஃபேயில ஒரு ஓரமா ஜே மேசை வெச்சிருந்தா கரண்டி மாறும். ஆசாரமானவங்களுக்கு அது வேண்டாம்.

அடுத்தது போலி இறைச்சி. இதை முன்னாடியே சொல்லிக் கூட்டிட்டுப் போங்க. வாத்து மாதிரியே, மீன் மாதிரியே தட்டுல கிடக்கும், பார்த்த உடனே மாமியார் எழுந்து போயிடக்கூடாது. பெரும்பாலும் கோதுமைப் பசை. ஒரு கிலோ மாவைக் கெட்டியா பிசைஞ்சு, அரைமணி ஊறவிட்டு, தண்ணியில கசக்கிக் கசக்கி மாவுப்பால் போற வரைக்கும் அலசினா ரப்பர் மாதிரி 300 கிராம் சொச்சம் மிஞ்சும். அதை மெதுவான கொதியில வேகவெச்சா அடர்த்தியா, கறி மாதிரி கடிபடும். தளதளன்னு கொதிக்கவிட்டா பஞ்சு மாதிரி ஊதிப்போய் எண்ணெயையெல்லாம் குடிச்சுக்கும். தெருக்கடையில நிறைய இந்த ரகம்தான், சாயங்காலம் மறுபடி பொரிச்சுக் கொடுத்தா தோல் மாதிரி இழுக்கும். மீன் போலிக்கு டோஃபு ஏடு மேல கடற்பாசித்தாள் சுத்துவாங்க, மீன் வாடை அதுலேர்ந்து வர்றது.

பெரியவங்க பயமில்லாம எடுக்கக்கூடியது:

- பொரிச்ச சேப்பங்கிழங்கு, சோள வடை, டோஃபு. தொட்டுக்க வேர்க்கடலை போட்ட இனிப்புக் காரச் சாறு.
- பாதொங்கோ (பொரிச்ச மாவுத்துண்டு), சூடான சோயா பால். காலை ஏழரைக்குள்ள போங்க, ஆறிட்டா பாதொங்கோ சவசவன்னு ஆயிடும்.
- கனோம் ஜீன்: நம்ம இடியாப்பத்துக்கு ஒண்ணுவிட்ட தம்பி. மேல காய்கறித் தேங்காய்ப்பால் குழம்பு. வயசானவங்களுக்கு இதுதான் முதல் சிபாரிசு.
- ஹொக்கியன் நூடுல்ஸ். மத்த நாள்ல இதுல பன்றியும் கடல் உணவும் கிடக்கும், விழாக் கடையில மட்டும் சாப்பிடுங்க.
- ஓ-ஆவ்: வாழைப்பழம் சேர்த்த வழுவழு ஜெல்லி, ஐஸ், பாகு. புக்கெட்டோட சொந்த இனிப்பு. ஐஸ் ஒத்துக்காதவங்க தள்ளி வைங்க.

ஒரு தட்டு ஏறக்குறைய 40–60 பாட். 20, 50, 100 நோட்டா வெச்சுக்கோங்க, காலையில ஆயிரத்தை நீட்டினா சில்லறை இருக்காது. "மை பெட்"னா காரம் வேண்டாம். ஜே சாப்பாடு எண்ணெயும் உப்பும் தூக்கல், ரெண்டு நாள்ல வயிறு கனக்கும். மூணு வேளையும் தெருவுல சாப்பிடாம ஒரு வேளை பழம், வெள்ளைச் சோறுன்னு விடுங்க. தயிர் இந்தக் கடைகள்ல கிடைக்காது, சூப்பர் மார்க்கெட்ல வாங்கி அறையில வெச்சுக்கணும். கோதுமை ஒவ்வாமை இருக்கிறவங்களுக்கு இந்த விழாவே கஷ்டம், சோயா சாஸ்லயும் கோதுமை உண்டு.

---

ராஜா_உடா பதில்:

மேலே இருவரும் சொன்னது சரி. ஆனால் உங்கள் குடும்பத்துக்கு நான் மலேசியாவின் பினாங்கைச் சொல்வேன். அதே ஒன்பது நாள், அதே தெய்வங்கள். பட்டர்வொர்த்தில் ராஜா உடா சாலைக் கோயில் பெரியது, ஜார்ஜ் டவுனிலிருந்து ஃபெர்ரியில் தாண்டினால் வந்துவிடலாம். சோறு ஒரு தட்டில், இருபது முப்பது வகைக் காய்கறியில் வேண்டியதை நீங்களே எடுத்துப் போட்டுக் காசு கொடுக்கிற கடைகள் அதிகம். எது எது என்று கண்ணால் பார்த்து எடுக்கலாம், கேட்கத் தமிழும் ஓரளவு உதவும். அலகு குத்துவது புக்கெட் அளவுக்கு இல்லை. தயிர்ச்சாதம் வேண்டுமென்றால் லிட்டில் இந்தியா இருக்கிறது.

தெருவே மஞ்சளாக மாறுகிற காட்சி வேண்டுமானால் புக்கெட்தான், அதில் போட்டியில்லை. பெரியவர்கள் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றால் பினாங்கு. இரண்டையும் ஒரே ஒன்பது நாளில் அடைக்க முயலாதீர்கள், எல்லை தாண்டுகிற பயணத்தில் இரண்டு நாள் போய்விடும்.

---

செம்பருத்தி_கோவை:

மூவருக்கும் நன்றி. புக்கெட் என்றே முடிவு செய்கிறோம், கொலுவை நாத்தனார் வீட்டில் வைத்துக்கொள்வார்கள். இரண்டு சந்தேகம். மாமனாருக்குக் காது மெஷின் உண்டு, பட்டாசு அவ்வளவு மோசமா? கோயிலுக்குள் உடை, மற்ற கட்டுப்பாடு ஏதாவது?

---

கடல்காற்று பதில்:

மோசம்தான். சரம் சரமாகக் கட்டிக் கம்பில் தொங்கவிட்டுப் பல்லக்கின் மேலேயே வெடிப்பார்கள், சாமி தூக்குகிற பையன்கள் துணியால் முகத்தை மூடிக்கொண்டு அதற்குள்ளேயே நடப்பார்கள். சிறிய ஊர்வலம் எதிர்ப்பட்டாலும் மெஷினைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, நுரை அடைப்பான் போடச் சொல்லுங்கள். எல்லோருக்கும் முகக்கவசம், சாதாரணக் கண்ணாடியாவது இருக்கட்டும். பருத்தி உடை போடுங்கள், பாலியஸ்டரில் பொறி விழுந்தால் உருகி ஒட்டும். வீட்டு வாசல்களில் பழமும் தேநீரும் வைத்த மேசை இருக்கும். பல்லக்கு அங்கே நிற்கும், வெடியும் அங்கேதான் அதிகம். அந்த மேசைகளிலிருந்து பத்தடியாவது தள்ளி நில்லுங்கள்.

கோயிலுக்கு வெள்ளை உடை, அங்கேயே மலிவாகக் கிடைக்கும். கறுப்பு வேண்டாம். முதன்மைத் தெய்வம் கடக்கும்போது எல்லோரும் மண்டியிடுவார்கள், முட்டி மடங்காதவர்கள் பின்னால் ஒதுங்கி நின்றால் யாரும் கோபிக்க மாட்டார்கள். மாதவிடாயில் இருப்பவர்கள், கர்ப்பிணிகள், துக்கம் காப்பவர்கள் சடங்குகளுக்கு வர வேண்டாம் என்பது நோன்பு விதி. கடைத்தெருவில் சாப்பிட யாருக்கும் தடையில்லை.

அக்டோபர் புக்கெட்டில் நல்ல மழை மாதம். எண்ணெய் சிந்திய தெருவில் தண்ணீர் விழுந்தால் ரப்பர் செருப்பு வழுக்கும், பிடிமானமுள்ள ஷூவாக எடுத்துக்கொள்ளுங்கள்.