சிறு புகழிலிருந்து சமூக ஊடகச் சந்தைப்படுத்தலுக்கு: நாங்கள் கண்டதும் பட்டதும்

பகிர்வு 1

தொலைக்காட்சியின் பலகுரல் போட்டி ஒன்றில் அரையிறுதி வரை சென்றவன் நான். வென்றவரையே இன்று பலருக்கு நினைவில்லை என்னும்போது என்னை யார் நினைவில் வைத்திருக்கப் போகிறார்கள்? ஆயினும் ஐந்தாறு மாதங்களுக்குப் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்க அவர்தானே?" என்று கேட்பதுண்டு, பெயர் மட்டும் அவர் வாயில் வராது. என் புகழின் நீளம் அவ்வளவுதான்.

அந்தச் சூட்டில் என் முகநூல் பக்கத்தைப் பின்தொடர்ந்தோர் 40,000-ஐத் தாண்டியிருந்தார்கள். அதைப் பார்த்து, மரச்சாமான் செய்யும் பெரியவர் ஒருவர் தமது பட்டறையைப் பற்றி ஒரு காணொளி கேட்டார். செய்து போட்டேன், 2 லட்சம் பார்வைகள் வந்தன. நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டிருந்த வேளையில் அவரிடமிருந்து அழைப்பு வந்தது. "தம்பி, எல்லாரும் உங்க குரலைத்தான் பாராட்டுறாங்க. நாற்காலியைப் பத்தி ஒருத்தரும் கேட்கலையே." அவர் குரலில் கோபம் இல்லை, அதுதான் அதிகம் சுட்டது.

காணொளியை எந்த நொடி வரை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டும் வரைபடத்தை அன்றுதான் முதன்முறையாகத் திறந்தேன். நான் குரல் மாற்றிப் பேசி முடித்து, நாற்காலி திரைக்கு வந்த இடத்தில், கோடு கிணற்றில் போட்ட கல்லாக இறங்கியிருந்தது. பிறகு அவருடைய பக்கத்தின் உள்பெட்டிக்குப் போனேன். 31 பேரின் செய்திகளுக்குப் பதில் அனுப்பப்படவில்லை. சாய்வு நாற்காலி செய்து தருவீர்களா என்று ஒருவர் மூன்று முறை கேட்டிருந்தார்; மூன்றாவது செய்தியில் வெறும் கேள்விக்குறி மட்டும் இருந்தது. என் தொழில் அந்தக் கேள்விக்குறியில்தான் தொடங்கியது என்பேன்.

அடுத்த காணொளியில் என் முகமும் இல்லை, குரலும் இல்லை. இழைப்புளி ஓட ஓடச் சுருண்டு விழும் மரச்சீவல் மட்டும், 20 நொடிகள். பார்வைகள் சில ஆயிரங்களைத் தாண்டவில்லை. ஆனால் நான்கு ஆர்டர்கள் வந்தன. இப்போது பதினொரு சிறு நிறுவனங்களின் பக்கங்களைப் பார்த்துக்கொள்கிறேன். என் பழைய புகழ், முதல் சந்திப்பில் கதவைத் திறக்க மட்டும் உதவுகிறது.

பகிர்வு 2

நண்பர் எழுதியதைப் படித்ததும் அமெரிக்காவின் ஜேசன் சாட்லர் நினைவுக்கு வந்தார். நிறுவனங்களின் பெயர் பொறித்த சட்டையை நாளொன்றுக்கு ஒன்றாக அணிந்து, அதைக் காணொளியிலும் சமூக ஊடகங்களிலும் பகிர்வதையே அவர் தொழிலாக்கினார். 2009 ஜனவரி 1-இல் கட்டணம் 1 டாலர். மறுநாள் 2 டாலர். டிசம்பர் 31-இல் 365 டாலர். ஆண்டு முழுவதையும் கூட்டினால் 66,795 டாலர் வருகிறது. கணக்கு அழகானதுதான். ஆனால் அங்கே விற்கப்பட்டது அவருடைய முகமே. கேரி வெய்னர்சக் வேறு பாதையில் போனவர்: 2006-இல் தம் குடும்பத்தின் ஒயின் கடைக்காக யூடியூபில் காணொளித் தொடர் தொடங்கி ஓரளவு அறியப்பட்ட பிறகு, 2009-இல் தம் தம்பியுடன் சேர்ந்து வெய்னர்மீடியாவைத் தொடங்கி, பிற நிறுவனங்களின் சமூக ஊடக வேலையை எடுத்துச் செய்யலானார். முன்னவர் ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் அன்றைய சட்டை என்னவாகும் என்று நான் யோசித்ததுண்டு.

பகிர்வு 3

நான் பணம் கொடுத்த பக்கத்தில் இருந்தவள். எங்கள் சிறு தையற்கூடத்திற்கு, ஓரளவு அறிமுகமான முகம் என்பதற்காகவே ஒருவரை அமர்த்தினோம். ஒரே மாதத்தில் பின்தொடர்வோர் மூன்று மடங்கானார்கள்; ஒரு விசாரணைகூட வரவில்லை. பெயர்களைத் திறந்து பார்த்தால் பாதிப் பேருக்குப் படமே கிடையாது. விலைக்கு வாங்கிய கூட்டம் எதையும் விரும்பாது, எதற்கும் கருத்திடாது. யாரும் தொடாத பதிவை உண்மையான வாடிக்கையாளர்களுக்கும் தளம் காட்டாமல் விட்டுவிடும். அதைவிடப் பெரிய அடி, பக்கத்தின் நிர்வாகி உரிமையும் விளம்பரக் கணக்கும் அவர் பெயரிலேயே இருந்தது. உறவு முறிந்தபோது, எந்த விளம்பரம் யாரைச் சென்றடைந்தது என்ற இரண்டாண்டு விவரமும் அவருடன் போய்விட்டது. புதியவர்களை அமர்த்துகிறவர்கள் உரிமையைத் தங்களிடம் வைத்துக்கொண்டு, வேலை செய்பவருக்கு அனுமதி மட்டும் கொடுங்கள்.

முதலில் எழுதிய நண்பரிடம் ஒரு கேள்வி: அந்தக் கேள்விக்குறிக்குப் பதில் போட்டீர்களா?

பகிர்வு 1-இல் எழுதியவரின் மறுமொழி

போட்டேன், அம்மா. நான்கு மாதம் தாமதம். "வேறிடத்தில் வாங்கிவிட்டேன், நன்றி" என்று அன்றிரவே பதில் வந்தது. பெரியவரிடம் காட்டினேன், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, மற்ற முப்பது பேருடையதையும் படிக்கச் சொன்னார்.