மிஸ் வைத்த ஐந்து காப்பிக்கொட்டை

“மெதுவா வாசிச்சா சரியா வருது, ஸ்பீடு கூட்டினா விரல் தப்புது, என்ன பண்றது?” என்று பியானோ பழகும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். இதே கேள்வியோடு ஒன்றரை வருடம் சனிக்கிழமை தவறாமல் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு பஸ் ஏறியவள் நான். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

வீடு அம்மாபேட்டை. 38 வயதில், 61 கட்டை கீபோர்டில் தானாகவே வாசிக்க ஆரம்பித்தேன். ஆறு மாதத்தில் சி மேஜர் ஸ்கேலை, அதாவது சி-யில் தொடங்கி வெள்ளைக் கட்டைகளிலேயே ஏறி இறங்கும் சுர வரிசையை, சரசரவென்று ஓட்டினேன். கேட்டவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். அந்தத் தைரியத்தில் ஒரு கிரேடு தேர்வுக்குப் போனேன். அங்கே இருந்தது நிஜ பியானோ, கட்டை ஒவ்வொன்றும் கனம். இரண்டாவது ஆக்டேவ் (ஸ்தாயி) ஏறும்போது பெருவிரல் இரண்டு கட்டையைச் சேர்த்து அமுக்கிவிட்டது. பதற்றத்தில் இன்னும் வேகமாக ஓட்டினேன். அதற்குப் பிறகு கை எங்கே நிற்கிறது என்றே தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை அழுதுகொண்டே நடந்தேன்.

அப்புறம்தான் ஏற்காட்டு மிஸ்ஸைத் தேடிப் போனேன். பல வருடம் பியானோ சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். முதல் நாள் ஒரே ஒரு ஸ்கேல் கேட்டுவிட்டு, “உன்கிட்ட வேகம் இருக்கும்மா. மூணாவது விரலுக்கும் பெருவிரலுக்கும் நடுவுலதான் ஓட்டை இருக்கு” என்றார்.

அவர் சொன்ன இடம் இது. வலது கையில் சி, டி, ஈ என்ற மூன்று சுரமும் 1, 2, 3 விரல்; பெருவிரல்தான் 1. அடுத்த எஃப்புக்குப் பெருவிரல் உள்ளங்கைக்கு அடியில் புகுந்து வரவேண்டும். நான் எஃப் வரும் வரைக்கும் பெருவிரலை வெளியே தொங்கவிட்டு, கடைசி நொடியில் முழங்கையோடு சேர்த்து இழுத்துக்கொண்டிருந்தேன். மெதுவாக வாசிக்கும்போது அதற்கு நேரம் கிடைத்துவிடும், அதனால் தப்பு வெளியே தெரியாது. மிஸ் மாற்றியது அதைத்தான். இரண்டாவது விரல் டி-யைத் தொடும்போதே பெருவிரல் நகர ஆரம்பித்துவிட வேண்டும். இரண்டு வாரம் அந்த நாலு சுரம் மட்டும்தான் வாசித்தேன்.

தோட்டத்துக் காப்பிக்கொட்டை ஐந்தை நோட்டு வைக்கும் பலகையின் இடது ஓரத்தில் வரிசையாக வைப்பார். தப்பில்லாமல் வாசித்தால் ஒன்று வலது பக்கம் போகும். நாலு போன பிறகு ஐந்தாவதில் தப்பினாலும் ஐந்தும் இடது பக்கமே திரும்பிவிடும். அந்த ஐந்தாவது கொட்டைக்குக் கை நடுங்கும் பாருங்கள், தேர்வு அறையில் நடுங்கிய அதே நடுக்கம்! ஐந்தும் வலது பக்கம் சேர்ந்தால்தான் மெட்ரோனோமை, அதாவது டிக் டிக்கென்று தாளம் தட்டும் கருவியை, அடுத்த வேகத்துக்கு நகர்த்துவார். சாவி கொடுக்கும் பழைய மர மெட்ரோனோம் அது. நிமிடத்துக்கு 60 அடி, அதற்கு அடுத்து 63, 66, 69, 72, பிறகு 76. ஒரு படிக்கு மேல் தாண்டவே விடமாட்டார். மறுநாள் இரண்டு படி இறங்கித்தான் தொடங்க வேண்டும்.

சின்ன வயதில் நான் பாட்டு கற்றவள். சரளி வரிசையை முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று பாடிய பழக்கத்தில் இங்கேயும் வேகத்தை இரட்டிப்பாக்கப் பார்த்தேன். குரலுக்குச் சரிப்பட்டு வந்தது விரலுக்கு வரவில்லை. 60-லிருந்து 120-க்குத் தாவினால் இடையில் எந்த இடத்தில் கை இறுகத் தொடங்கியது என்பது நமக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

எங்கள் வீட்டில் தறி ஓடியது. இழை அறுந்தால் அப்பா அந்த நொடியே நிறுத்தி, பிணைத்த பிறகுதான் ஓட்டுவார். நானோ தப்பு விழுந்த பிறகும் வாசித்துக்கொண்டே போய், திரும்ப முதலிலிருந்து ஆரம்பிப்பேன். இருபது முறை அப்படிச் செய்தால் அந்தத் தப்பையும் இருபது முறை பழகினதாக ஆகிவிடுகிறது. இப்போது தப்பின இடத்துக்கு இரண்டு சுரம் முன்னால் பிடிக்கிறேன்.

மழை மாதங்களில் மலையில் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வரும். ஈரத்தில் மரமும் உள்ளே இருக்கும் ஃபெல்ட்டும் (கம்பளித் துணி) உப்பி, மிஸ்ஸின் பியானோவில் நடு டி கட்டை அமுக்கினால் சட்டென்று மேலே வராது. அந்தக் கட்டையால் ஒன்று கற்றேன். சரியான கட்டையை அடிப்பது மட்டும் துல்லியம் இல்லை, விரல் எப்போது எழுகிறது என்பதும் துல்லியம்தான். பழைய சுரத்திலேயே விரல் ஒட்டிக்கொண்டிருந்தால் வேகத்தில் எல்லாம் குழம்பிவிடும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பியானோ மேதை ஷோபான் தன் மாணவர்களுக்கு முதலில் கொடுத்தது சி மேஜர் இல்லை, பி மேஜர். நீள விரல்கள் கறுப்புக் கட்டையில் இயல்பாக உட்காரும், குட்டையான பெருவிரல் வெள்ளைக் கட்டைக்கு வரும். வெறும் வெள்ளைக் கட்டை சி மேஜர்தான் கைக்குக் கடினம் என்று அதைக் கடைசிக்கு வைத்தார். மிஸ் என்னையும் பி மேஜருக்கு மாற்றியபோது, பெருவிரல் அடியில் போக இடம் கிடைப்பதைக் கையே உணர்ந்தது. தம்பி, நீங்களும் ஒரு வாரம் பி மேஜர் வாசித்துவிட்டு சி-க்குத் திரும்பிப் பாருங்கள். முன்கையில் வலி வந்தால் மட்டும் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். வலியோடு வாசித்துப் பழகினால் இறுக்கமும் சேர்ந்தே பழகிவிடும்.

இப்போது ஒரு அடிக்கு நாலு சுரம் வீதம் வலது கை 96-ல் சுத்தமாக ஓடுகிறது. இடது கை 72-லேயே நிற்கிறது. ஏறும்போது பெருவிரலைத் தாண்டி மூன்றாம் விரல் விழும் இடத்தில் சத்தம் ஒரு பொட்டு கூடிவிடுகிறது, மணிக்கட்டும் சாய்கிறது. மூன்று வாரமாக நாலு கொட்டைக்கு மேல் நகரவில்லை. அந்த இடத்தைக் கடந்தவர்கள் யாராவது இருந்தால் எப்படிச் சரிசெய்தீர்கள் என்று எழுதுங்கள். சனிக்கிழமை மலை ஏறுவதற்குள் முயன்று பார்க்கிறேன்.