தாமான் வெள்ளம்: குழாயை மாற்றாத பொறியாளர் எதற்கு?

பால்மரக்காடு:
மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப் பட்டணங்களில் பால்மரம் (ரப்பர்) போய் தாமான் (வீடமைப்புப் பகுதி) வருகிறது. சாலைக்கடியில் மட்டும் தோட்டக் காலத்து 600 மில்லிமீட்டர் குழாய். அரை மணி மழைக்கே லோங்காங் (சாக்கடை வாய்க்கால்) பொங்குகிறது. 900 போடக்கூட முடியாவிட்டால் நகராண்மைக் கழகத்துக்குப் பொறியாளர் எதற்கு?

சமன்கோடு:
900-உம் தாங்காது ஐயா. 10 ஹெக்டர் நிலம், மணிக்கு 150 மில்லிமீட்டர் மழை என்று வையுங்கள். தோட்டத்தில் வழிந்தோடும் பங்கு 0.4, கூரையும் தாரும் வந்தபின் 0.8. மூன்றையும் பெருக்கி 360-ஆல் வகுத்தால் அன்று நொடிக்கு 1.67 கனமீட்டர், இன்று 3.33. நூற்றுக்கு ஒன்று சரிவில் 600 குழாய் 0.6 கொண்டுபோகும், 900 குழாய் 1.8. அன்றே போதவில்லை, மிச்சம் கித்தாக் காட்டுக்குள் தேங்கி வடிந்ததால் யாருக்கும் தெரியவில்லை!

பால்மரக்காடு:
அப்படியானால் 1200 போடுங்கள். 3.9 போகுமே.

சமன்கோடு:
போகும், கீழேயுள்ள கம்பத்துக்கு (கிராமத்துக்கு). சாலை தாழ்வாக இருந்தால் அந்தக் குழாய்க்கு மேல் போதிய மண் நிற்காது, லோரி ஏறினால் விரிசல் விடும். ஆறு நிறைந்து குழாயின் வெளிவாய் மூழ்கிவிட்டால் அகலத்தால் பெரிய பயனில்லை. வடிகால் நீர்ப்பாசன இலாகாவான ஜேபிஎஸ்-இன் மழைநீர்க் கையேடு (இரண்டாம் பதிப்பு, 2012) கேட்பது வேறு: வீடு வந்தபின் உச்ச ஓட்டம் முன்பிருந்ததைத் தாண்டக்கூடாது. கூடுதல் 1.66-ஐ அரை மணிக்குப் பிடித்துவைக்க ஏறக்குறைய 3,000 கனமீட்டர் குளம் வேண்டும். ஒன்றரை மீட்டர் ஆழத்தில் அரை ஏக்கர். குளத்து வெளிவாயை 1.67-க்கு அடக்கினால் நீங்கள் கேட்ட 900 போதும்.

மண்வெட்டி:
இரண்டு பேரும் குழாய் சுத்தமாக இருப்பதாக வைத்துப் பேசுகிறீர்கள். மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு வண்டல் ஏறினால் பரப்பில் கிட்டத்தட்ட 30 விழுக்காடு போய்விடும். குளத்து வெளிவாயில் நாலு பிளாஸ்டிக் பை சிக்கினால் குளமே வழியும். வடியாமல் நின்றால் கொசு, அப்புறம் டெங்கி. பெருமழைக் காலத்துக்கு முன் வண்டலை வாராத எந்தக் கணக்கும் காகிதத்தில்தான்.

பால்மரக்காடு:
அரை ஏக்கரை எந்த மேம்பாட்டாளர் விடுவார்? வரைபடத்தில் குளம் இருக்கும், தளத்தில் கடைவீடு இருக்கும்.

சமன்கோடு:
அதற்குத்தான் மண்வேலை அனுமதி. குடிபுகும் சான்றிதழை 2007-இலிருந்து கழகம் தருவதில்லை, திட்டத்தைச் சமர்ப்பித்த நிபுணர்தான் தருகிறார். கடைசியில் பிடிக்கலாம் என்றிருந்தால் பிடி நழுவும். குளத்தைத் தோண்டிய பிறகே மரத்தைப் பிடுங்கு என்று முதலிலேயே நிபந்தனை போட வேண்டும். தளத்து வண்டலும் அதிலேயே தங்கும், ஒப்படைக்கும் முன் வாரி ஆழத்தை அளந்து பார்த்தால் சரி.

பால்மரக்காடு:
சரி, 900-க்கே வருகிறேன். வெளிவாய்க் கம்பியில் சிக்கும் குப்பையை வாரத்துக்கு ஒருமுறை எடுப்பது யார்?

மண்வெட்டி:
வாரத்துக்கு ஒருமுறையா? ஒவ்வொரு கனமழைக்குப் பிறகும்.